மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி எட்டு மாதம்: உடம்பு இன்னும் தேறவில்லையே, இது இயல்பா?

கேள்வி (அம்பாசமுத்திரத்திலிருந்து):

மூன்றரை ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துவந்த என் கணவருக்கு என் சிறுநீரகங்களில் ஒன்றைப் பொருத்தி எட்டு மாதங்கள் ஆகின்றன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தக் கிரியாட்டினின் அளவு 1.3-இல் நிலையாக இருக்கிறது. ஆனால் காப்பி டம்ளரைக் கொடுத்தால் கை நடுங்கிச் சட்டையில் சிந்துகிறது. உடனே நான் கவனித்தேனா என்று என் முகத்தைப் பார்க்கிறார். தெருமுனைக் கோயில் வரை நடந்தால் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்துதான் திரும்ப முடிகிறது. சொந்தக்காரர்கள், "அதான் கிட்னி வச்சாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்கும்போது பதில் பேசாமல் உள்ளே போய்விடுகிறார். பிசானப் பருவ நெல் நடவு நெருங்குவதால் தானே வயலில் இறங்க வேண்டும் என்கிறார். விடலாமா?

பதில் (பாளையங்கோட்டையிலிருந்து):

அம்மா, நான் மாற்றுச் சிறுநீரகத்தோடு ஒன்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். டயாலிசிஸ் காலத்தில் கரைந்த தசை சில மாதங்களில் திரும்பிவிடாது. அதோடு பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடைத் தசையைத் தளர்த்துவதால், தரையில் உட்கார்ந்து எழும்ப எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கை நடுக்கம், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம்; மருத்துவரிடம் சொன்னால் இரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார். எக்காரணம் கொண்டும் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், உடல் சிறுநீரகத்தை ஏற்காமல் போய்விடும். அந்தப் பரிசோதனைக்குக் காலை மாத்திரை போடும் முன்பே இரத்தம் கொடுக்க வேண்டும். நான் ஒருமுறை பழக்கத்தில் எட்டு மணி மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய், அளவு மிகக் கூடுதலாக வந்து, காரணம் புரியும்வரை வீடே கலங்கிப்போனது. இப்போது மாத்திரையைச் சட்டைப்பையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகு அங்கேயே போட்டுக்கொள்கிறேன்.

பதில் (தென்காசியிலிருந்து, சிறுநீரகப் பிரிவுச் செவிலியர்):

சகோதரி, இப்போதைக்குச் சேற்றில் இறங்க விட வேண்டாம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் முதல் ஆண்டில் அதிகமாக இருக்கும். வயல் நீரில் எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும், மண்ணில் உள்ள பூஞ்சையும் இவர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்தானவை. வரப்பில் நிழலில் இருந்து வேலையைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பம்பளிமாஸ் பழம் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும், கொடுக்காதீர்கள். உறவினர் கொண்டுவரும் லேகியமும் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதையும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சிறுநீரகம் கொடுத்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கேள்வியில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேட்டவரின் பதில்:

அந்த வரியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. தையல் பிரித்த பிறகு நான் எந்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. வருகிற வியாழக்கிழமை இருவருமே இரத்தம் கொடுக்கிறோம். பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். தொடை வலுவிழப்பதற்கு மாத்திரையும் காரணம் என்ற இடத்தை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். மருத்துவர் சம்மதித்தால் வரப்பில் நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றதற்கு, குடையையும் எடுத்து வை என்றார்.