புதுப்பிப்பு: 9 போட்டும் செல்போனுக்கு அழைப்பு போகாத பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. திருப்பூரில் எங்க பனியன் கம்பெனி ஆபீஸ் போன்களை இணைக்கிற ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளில், வெளி லைனுக்கு 9 போட்டால் உள்ளூர் லேண்ட்லைன் போகுது, செல்போன் போகலைன்னு கேட்டிருந்தேன்.

அதுக்குப் பதில் போட்ட ஈரோட்டு அண்ணன் சொன்னதுதான் சரி. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு முன்னால் 0 கட்டாயம். எங்க பிஆர்ஐ (டெலிபோன் கம்பெனி தர்ற டிஜிட்டல்) லைனில் 0 இல்லாம பத்து இலக்கம்தான் போயிட்டிருந்தது.

வெளி அழைப்புக்கான அவுட்பவுண்ட் ரூட்டில் ப்ரீபென்ட் (முன்னால் சேர்க்கிறது) 0, ப்ரீஃபிக்ஸ் (அனுப்பும் முன் நீக்குறது) 9, மேட்ச் பேட்டர்னில் (பொருந்த வேண்டிய எண் அமைப்பு) [6-9], அதை ஒட்டி ஒன்பது எக்ஸ் (எக்ஸ்னா எந்த இலக்கமும்). பழக்கத்தில் 0 சேர்த்தே போடுறவங்களுக்காக, ப்ரீபென்ட் காலியா விட்டு, பேட்டர்ன் 0-வில் தொடங்குற இன்னொரு வரி. மேலே சிவப்பா நிற்கிற அப்ளை கான்ஃபிக்கை அழுத்த மறந்துடாதீங்க. கட்டிங் மாஸ்டர் மேஜை போனிலேயே 9 போட்டு வீட்டுக்கு அழைச்சார், உடனே ரிங் போச்சு. 0424 (ஈரோடு), 0422 (கோவை) லேண்ட்லைன் எல்லாம் முன்பு போலவே போகுது.

எதிர்பாராதது ஒண்ணு. அவசர எண் 112-ஐ 9 இல்லாமலே போக வைக்கலாம்னு தனி ரூட் போடும்போதுதான் பார்த்தேன், கட்டிங் செக்‌ஷன் எக்ஸ்டென்ஷனே (ஆபீஸ் உள் எண்) 112! உள் எண்ணைத்தான் சிஸ்டம் முதலில் பார்க்கும். தீப்பிடிச்சு யாராவது 112 அழைச்சிருந்தா மணி கட்டிங் மேஜையில்தான் அடிச்சிருக்கும். அன்னைக்கே அதை 212 ஆக்கிட்டேன். உங்க எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் ஒருதரம் பார்த்துடுங்க.