மனைப் பிரிவுக்கு மன்றம் தீர்மானம் போடும் முன்: வேலூர் பக்கம் பார்த்தவை, கவனிக்க வேண்டியவை

பாலாற்றங்கரை

வேலூர், காட்பாடி, கணியம்பாடி, அணைக்கட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் வயலில் கல் நட்டு மனை போடுகிறார்கள். உள்ளாட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, கொடி கட்டி விற்பனை தொடங்கிய பிறகுதான் அக்கம்பக்கத்தாருக்கு விஷயம் தெரிகிறது. அதற்குள் சாலை எங்கே, பூங்கா எங்கே, மழைத்தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதெல்லாம் வரைபடத்தில் முடிவாகியிருக்கும். கேட்க வேண்டியதை எந்தக் கட்டத்தில் கேட்டால் பயன் உண்டு என்பதற்காக இந்தத் திரி. அலுவலகத்திலும் களத்திலும் பார்த்தவற்றை எல்லோரும் எழுதுங்கள். பத்திர எண், மனைக்காரர் பெயர் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.

முதலில் வரிசை. திட்டப் பகுதிக்குள் (நகர வளர்ச்சித் திட்டத்துக்காக அரசு அறிவித்த பகுதி) இருக்கும் நிலம் என்றால் மனைப்பிரிவு விண்ணப்பம் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக நகர் ஊரமைப்புத் துறைக்குப் போகும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலம் என்றால் அதற்கு முன்பே நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டும். 2017 விதிகளின்படி அதில் வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். பிறகு தல ஆய்வு, தடையின்மைச் சான்றுகள், சாலை அமைப்பு, நிபந்தனையோடு நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல். அதன்பின் சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்கிறார்கள். கட்டணம் கட்டியதும் உள்ளாட்சியின் இறுதி ஒப்புதல் வருகிறது.

மன்றம் கடைசியில்தான் வருகிறது. அதனால் கவுன்சிலரிடம் மட்டும் போய் நிற்பது பலன் தராது. தொழில்நுட்ப ஒப்புதலுக்கு முன் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், தல ஆய்வுக்கு வருபவர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார். புல எண் (சர்வே எண்), கிராமம், எந்தத் திசையில் எந்த ஓடை என்று இரண்டு பத்தியில் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புல எண்

பூங்கா இடம் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அதிகம் ஏமாற்று நடப்பது இதில்தான்.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, மனைப்பிரிவின் மொத்தப் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள் என்றால் திறந்தவெளி ஒதுக்கீடு, அதாவது ஓ.எஸ்.ஆர்., விட வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 வரை என்றால் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதம் விட வேண்டும். இடமாகத் தர முடியாதபோது பணமாகக் கட்டவும் வழி உண்டு. 10,000-க்கு மேல் போனால் பணமாகக் கட்ட வழியில்லை. இடமாகத்தான் கொடுக்க வேண்டும், இலவசமாக, தானப் பத்திரம் மூலம்.

நம் கணக்கில் 3,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 74 சென்ட். 10,000 என்பது 2 ஏக்கர் 47 சென்ட்.

3 ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 12,140 சதுர மீட்டர். சாலைக்கு 30 சதவீதம், 3,640 போனால் மீதி 8,500. பூங்காவுக்கு 850 சதுர மீட்டர் வர வேண்டும். சென்ட் கணக்கில் 21. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான மனைகளுக்கும் இன்னொரு 10 சதவீதம். மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் தலா அரை சதவீதம், அதாவது தலா 42 சதுர மீட்டர் சொச்சம். வரைபடத்தை வாங்கி இந்த நான்கு எண்ணையும் நீங்களே போட்டுப் பாருங்கள். கால்குலேட்டர் போதும்.

எங்கே கோளாறு வருகிறது? ஒரே குடும்பத்தின் 5 ஏக்கரை நான்கைந்து துண்டாகப் பிரித்து, அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று, மருமகள் பெயரில் ஒன்று என்று தனித்தனி விண்ணப்பம். ஒவ்வொன்றும் 10,000-க்குள் நிற்கும், சில 3,000-க்குள்ளேயே நின்றுவிடும். பூங்கா காணாமல் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளம். புல எண்ணின் தலை எண் ஒன்றாகவும் உட்பிரிவு மட்டும் வேறாகவும் இருக்கும். வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போட்டால் பிரிவினைப் பத்திரங்கள் எல்லாம் விண்ணப்பத்துக்குச் சில மாதம் முன்னால் ஒரே வாரத்தில் பதிவாகியிருக்கும். ஒரு துண்டின் சாலை அடுத்த துண்டின் எல்லையில் முட்டி நின்று, அங்கிருந்து அதே அகலத்தில் தொடரும். இந்த மூன்றையும் இணைத்து மனு கொடுத்தால், எல்லாத் துண்டையும் ஒரே மனைப்பிரிவாகப் பார்க்கும்படி கேட்க ஆதாரம் கிடைத்துவிடும்.

இன்னொன்று. பரப்பு சரியாக இருக்கும், ஆனால் பூங்கா என்று காட்டிய இடம் மூலையில் முக்கோணமாக, உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே அல்லது பள்ளத்தில் கிடக்கும். யாரும் வாங்காத இடத்தைப் பூங்காவாக்கிவிடுகிறார்கள். குழந்தைகள் ஓடி விளையாட வேண்டிய இடம் அது. பொதுச் சாலையிலிருந்து நேரடி வழியோடு, ஒரே தொகுதியாக இருக்க வேண்டும் என்று மனுவில் கட்டாயம் எழுதுங்கள்.

கழிஞ்சூர் கரை

2021 நவம்பர் மழையை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க முடியாது. பாலாறு இரு கரையும் நிரம்பிப் போனது. கழிஞ்சூர் ஏரி நிறைந்து வழிந்து கீழே குடியிருப்புகளுக்குள் புகுந்தது. பழி மழையின் மேல் போடப்பட்டது. ஏரி நிறைந்தால் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) வழியாகத் தண்ணீர் போகத்தான் செய்யும். அது போகிற வாய்க்காலின் அகலம் என்ன ஆனது என்பதுதான் கேள்வி.

பார்க்கும் முறை இது. கிராம வரைபடத்தில் ஏரியின் கலங்கலைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடுத்த ஏரி வரையிலோ ஆறு வரையிலோ போகும் வாய்க்காலின் புல எண்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'அ' பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) ஒவ்வொரு எண்ணுக்கும் வகைப்பாடு பாருங்கள்: ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எதுவானாலும் அரசு புறம்போக்கு என்று இருக்கும். பிறகு புல வரைபடத்தில் அகலம். பட்டா நிலத்தின் நடுவே ஓடும் ஓடை கோடாக மட்டும் காட்டப்பட்டிருக்கும். அதைத்தான் மனைப்பிரிவு வரைபடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த தவறு சிறுபாலத்தில். 3 மீட்டர் அகல ஓடையில் அரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் வந்தால் குறுக்குப் பரப்பு ஒன்றரை சதுர மீட்டர். மனைப்பிரிவுச் சாலை அதைக் கடக்கும் இடத்தில் ஓரடி விட்டக் குழாய் ஒன்றைப் போட்டு மண்ணை மூடுகிறார்கள். அந்தக் குழாயின் வாய் அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது. முதல் மழையிலேயே பிளாஸ்டிக்கும் முள்ளும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மேல்பக்கம் தேங்கி, பழைய தெருவுக்குள் திரும்பும். புது மனைக்காரருக்குப் பாதிப்பு வராது, ஏனென்றால் அவர் மண் கொட்டி இரண்டடி உயர்த்தியிருப்பார். நாற்பது வருடமாகக் குடியிருப்பவர் வீட்டுக்குள்தான் தண்ணீர் நிற்கும்.

நீர்வளத் துறை தரும் வெள்ளப் பாதிப்புச் சான்றில் எத்தனை மீட்டர் உயர்த்த வேண்டும், சிறுபாலத்தின் கண் (தண்ணீர் போகும் திறப்பு) அளவு என்ன என்று நிபந்தனை எழுதியிருப்பார்கள். அந்தச் சான்றின் நகலை வாங்கி, போட்டிருக்கும் பாலத்தை டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தானப் பத்திரத்தை உள்ளாட்சி ஏற்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். ஏற்ற பிறகு அந்தப் பாலத்தைப் பெரிதாக்கும் செலவு மாநகராட்சியின் தலையில், அதாவது நம் வரிப்பணத்தில்.

கோட்டை மைதானம்

சுருக்கமாக இரண்டு. வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010 சட்டத் திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கட்டுப்பாட்டுப் பகுதியில் மாடி எழுப்பத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். மாநகராட்சி அனுமதி மட்டும் போதாது. காட்பாடியில் ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று. இதைக் கேட்காமல் அஸ்திவாரம் தோண்டி நடுவில் நிறுத்திய கட்டடங்கள் உண்டு.

அணைக்கட்டு சாலை

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகள் பற்றி. ஊராட்சித் தலைவர் முத்திரை வைத்த வரைபடம் மனைப்பிரிவு ஒப்புதல் ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை.

2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பதிவைத் தடுத்தது. அதன்பின் 2017-இல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. அதில் முக்கியமான தேதி 20-10-2016. அதற்குள் அந்த மனைப்பிரிவில் ஒரு மனையாவது பத்திரமாகியிருந்தால்தான் வரன்முறைக்கு வழி. முதலில் மனைப்பிரிவின் மொத்த அமைப்புக்குக் கொள்கை ஒப்புதல், பிறகு தனித்தனி மனைக்கு ஆணை. நீர்நிலை, பொதுச் சாலை, பூங்காவாக ஒதுக்கிய இடம் ஆகியவற்றில் விழும் மனைக்கு வரன்முறை கிடையாது.

மக்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முன்பே வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மறுபடி பதிவு செய்யச் சட்டத்தில் விலக்கு உள்ளது. அதனால் பத்திரம் நடந்துவிடும், பட்டாவும் மாறிவிடும். வாங்கியவர் எல்லாம் சரி என்று நினைத்துக் கட்டட அனுமதிக்குப் போனால் வரன்முறை ஆணை கேட்பார்கள். பத்திரப் பதிவு வேறு, திட்ட அனுமதி வேறு. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆணையின் நகலைக் கேளுங்கள், ஆணையில் உள்ள மனை எண்ணும் பத்திரத்தில் உள்ள மனை எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

சத்துவாச்சாரி வாசகி

அண்ணா, கிராம சபையில் தீர்மானம் போட்டால் ஒரு மனைப்பிரிவை நிறுத்த முடியுமா? எங்கள் உறவினர் ஊரில் ஆகஸ்ட் 15 சபையில் பேசப் போகிறார்கள்.

பாலாற்றங்கரை

நிறுத்த முடியாதும்மா. ஒப்புதல் அதிகாரம் கிராம சபையிடம் இல்லை. ஆனால் 'இன்ன புல எண்ணில் ஓடை செல்கிறது, மனைப்பிரிவு வரைபடத்தில் அது காட்டப்படவில்லை, மறு அளவை செய்ய வேண்டும்' என்று குறிப்பாகத் தீர்மானம் எழுதினால் அது அரசுப் பதிவு. அதன் நகலோடு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும், திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டருக்கும் மனு போகலாம். 'மனைப்பிரிவு வேண்டாம்' என்று பொதுவாக எழுதினால் எந்த அலுவலகமும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் போட வேண்டாம்.

மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 2022 விதிகளின்படி அமைந்த பகுதி சபையும் வார்டு குழுவும் இருக்கின்றன. 60 வார்டிலும் கவுன்சிலர்தான் தலைவர். அங்கே கேட்க வேண்டிய கேள்வி தண்ணீர். 100 மனை, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 54,000 லிட்டர். இப்போதே நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் தெருவின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இதைக் கொடுக்கப் போகிறார்களா, தனித் தொட்டியா, மனைப்பிரிவு போடுபவரே தொட்டி கட்டித் தருகிறாரா? பதில் மன்றப் பொருள் குறிப்பில் எழுத்தில் வர வேண்டும். வாய்மொழி உறுதியை அடுத்த ஆண்டு யாரிடமும் காட்ட முடியாது.

புல எண்

தகவல் உரிமை மனுவில் என்ன கேட்பது என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டார்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன்' என்று கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள்: தொழில்நுட்ப ஒப்புதலின் எண், தேதி, நிபந்தனைப் பக்கம்; ஒப்புதல் வரைபட நகல்; சாலை, பூங்கா தானப் பத்திரங்களின் எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம்; மன்றத் தீர்மான நகல்; அந்த நிலங்களுக்கு உள்ளாட்சியின் பெயரில் மாறிய பட்டா. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அந்தக் கடைசி ஆவணத்தை விடவே விடாதீர்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். பத்து வருடம் கழித்து வாரிசு வந்து, பட்டாவைக் காட்டி, பூங்காவை மனையாக விற்கிறார். வாங்கியவர் வேலி போடுகிறார். பிறகு வழக்கு, இடைக்காலத் தடை என்று இழுத்துக்கொண்டே போகும். பட்டா மாறவில்லை என்று தெரிந்தால், தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை இணைத்து ஆணையருக்கும் தாசில்தாருக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள். இணையத்தில் அந்தப் புல எண்ணின் பட்டாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பெயர் மாறியதும் நான்கு மூலைக் கல்லையும் சர்வேயரை வைத்து அளந்து, கம்பிவேலியும் பெயர்ப்பலகையும் போடும்படி வார்டு குழுவில் கேளுங்கள். பலகையில் புல எண், பரப்பு, தானப் பத்திர எண் மூன்றும் இருக்கட்டும்.