புதுப்பிப்பு: செஸ்னா 172-இல் கழற்றிய ஏடிஎஃப்

என் செஸ்னா 172 சிறு விமானத்தில் ஏடிஎஃப்-ஐக் (தரையிலுள்ள ரேடியோ நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஊசிமுள்ளால் காட்டும் பழைய கருவி) கழற்றினால் பேனலில் விழும் ஓட்டையை என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது, யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஊசிமுள் இருந்த 3⅛ அங்குல வட்டத்தில் ஜேபிஐ நிறுவனத்தின் என்ஜின் மானிட்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. இனி நான்கு சிலிண்டரின் வெப்பமும் தனித்தனியாகத் தெரியும். அமெரிக்காவில் ஏடிஎஃப் நம்பியிருக்கும் என்டிபி ரேடியோ நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும் காலத்தில் இதுதான் உருப்படியான மாற்றம்.

நேரம் தின்றது வயரிங்தான். பழைய கேபிளை நுனியில் நறுக்கிவிட்டு உள்ளேயே விடாதீர்கள். ஆன்டெனா வரை முழுசாக உருவி எடுக்கச் சொன்னேன். வயிற்றுப்பகுதியில் லூப் ஆன்டெனா இருந்த இடத்துக்கு அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்தார் மெக்கானிக். எடை, சமநிலைக் கணக்கும் உபகரணப் பட்டியலும் திருத்தியாயிற்று.

கழற்றிய இண்டிகேட்டரைப் பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்தேன். குமிழைத் திருகினால் திசை அட்டை (டிகிரி எண்கள் உள்ள வட்டு) இன்னும் தடையில்லாமல் சுற்றுகிறது, பாடம் நடத்த அது போதும்.