லீக் ஒன் கிளப்: மைதானம் யார் பெயரில், ரெகுலேட்டர் என்ன செய்யும்?

கிழக்கு மேடை:
இங்கிலாந்துக் கால்பந்தின் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் ஆடும் ஒரு கிளப். பெயர் வேண்டாம், யாரும் துருவவும் வேண்டாம். மைதானம் கிளப்பிடம் இல்லை, ஓனரின் இன்னொரு கம்பெனியிடம் இருக்கிறது என்று பேச்சு அடிபடுகிறது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. போன மாதம் வீரர்களுக்குச் சம்பளம் நாலு நாள் தள்ளிப் போனது. கால்பந்து கிளப்புகளைக் கண்காணிக்கச் சட்டம் போட்டு அமைத்த ரெகுலேட்டரைப் பற்றி ரசிகர்களில் பாதிப் பேர் "அதான் ரெகுலேட்டர் வந்தாச்சே, அவங்க பார்த்துப்பாங்க" என்கிறார்கள். மீதிப் பேர் "அது லேபர் கட்சிக்காரன் உட்கார்ந்த நாற்காலி, ஒண்ணும் கிழிக்காது" என்கிறார்கள். இந்தச் சண்டையில் உருப்படியாக ஒரு வேலையும் நடக்கவில்லை. ஓனரிடமிருந்து பதில் வராது. அவரைக் கேட்காமலே எதையெல்லாம் உறுதி செய்துகொள்ளலாம்? அதற்குப் பிறகு எந்தக் கதவைத் தட்டுவது?

கணக்குப்பிள்ளை:
முதலில் பேச்சைக் காகிதமாக மாற்றுங்கள். பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் தேடுவதற்குக் காசு இல்லை. கிளப் பெயரில் ஒரு கம்பெனி, அதற்கு மேலே ஒரு ஹோல்டிங் கம்பெனி, பக்கத்தில் "ஸ்டேடியம்", "பிராப்பர்ட்டீஸ்" என்று வால் வைத்த ஒன்றிரண்டு இருக்கும். எல்லாவற்றின் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றினாலும் எண் மாறாது. 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் என்பது அதே பக்கத்தில் தெரியும்.

கணக்கு தாமதம் பற்றி. தனியார் கம்பெனிக்கு நிதியாண்டு முடிந்து 9 மாதம் அவகாசம். தாண்டினால் முதல் மாதத்துக்குள் 150 பவுண்டு, மூன்று மாதம் வரை 375, ஆறு மாதம் வரை 750, அதற்கு மேல் 1,500. ஓனருக்கு இது டீச் செலவு, அபராதத்துக்குப் பயந்து யாரும் தாக்கல் செய்ய மாட்டார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. கெடு முடிவதற்குள் நிதியாண்டை ஒரே ஒரு நாள் சுருக்கி ஒரு படிவம் போட்டால், போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் கூடுதலாகக் கிடைத்துவிடும். சுருக்குவதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. நீட்டுவதுதான் பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. தாக்கல் வரலாற்றில் இந்தப் படிவம் திரும்பத் திரும்ப வந்திருந்தால் தாமதம் தற்செயல் இல்லை.

கணக்கு வந்ததும் லாப நஷ்டத்துக்குப் பாயாதீர்கள். சிறு கம்பெனி வரம்புக்குள் இருந்தால் அந்தப் பக்கத்தைப் பொதுப் பதிவில் வைக்காமலே விட்டுவிட முடியும். நேராகத் தணிக்கையாளர் அறிக்கைக்குப் போங்கள். கிளப் தொடர்ந்து இயங்குமா என்பதில் "குறிப்பிடத்தக்க நிச்சயமின்மை" இருப்பதாக எழுதியிருக்கிறாரா? பிறகு கடைசிக் குறிப்புகள்: சம்பந்தப்பட்ட தரப்புகளுடன் நடந்த கொடுக்கல் வாங்கல், ஆண்டு முடிந்த பிறகு நடந்தவை. மைதானம் கைமாறியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒரு வரியில் ஒளிந்திருக்கும்.

அடுத்தது அடமானப் பதிவு. கம்பெனி தன் சொத்தை ஈடு வைத்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும். கடன் கொடுத்தவர் வங்கியா, பெயர் தெரியாத நிதிக் கம்பெனியா என்று பாருங்கள். பிந்தையது என்றால் வட்டி கடுமையாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மைதானத்துக்கு அரசின் நிலப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரி. உரிமைப் பதிவேட்டின் நகல் 7 பவுண்டு, வரைபடம் தனியாக 7. கூகுளில் முதலில் வரும் தளங்கள் அதையே பல மடங்கு விலைக்கு விற்கும், அரசுத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். பி பகுதியில் உரிமையாளர் பெயர், சி பகுதியில் அடமானமும் நிபந்தனைகளும். ஒரு மைதானத்துக்கு மூன்று நான்கு பதிவெண் இருப்பது சகஜம்: ஆடுகளம் ஒன்று, கார் நிறுத்துமிடம் ஒன்று, பயிற்சி மைதானம் இன்னொன்று. ஒன்றை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு "எல்லாம் கிளப்பிடம்தான் இருக்கு" என்று நிம்மதி அடைவதுதான் வழக்கமான தப்பு. குத்தகை என்றால் முடியும் தேதியைப் பாருங்கள்.

கடைசியாக, அரசிதழான தி கெசட் தளத்தில் கம்பெனி பெயரை வாரம் ஒரு முறை தேடுங்கள். கம்பெனியைக் கலைக்கக் கோரும் மனுவை விசாரணைக்குக் குறைந்தது 7 வேலை நாள் முன்பு அங்கே விளம்பரம் செய்தாக வேண்டும். கால்பந்தில் மனு போடுவது பெரும்பாலும் வரித்துறைதான். சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் அந்தப் பணத்தில் அடுத்த மாதச் சம்பளம் கொடுப்பது பழைய வித்தை.

மூன்று மணி ஆட்டம்:
ரெகுலேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கோஷ்டியும் பாதி சரி.

வரலாறு தெரியாமல் "லேபர் நாற்காலி" என்று சொல்லக் கூடாது. 2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலக் கிளப்புகள் ஐரோப்பியப் பெரிய கிளப்புகளின் தனிப் போட்டியான சூப்பர் லீக்குக்குப் போகிறோம் என்று கிளம்பி மூன்றே நாளில் பின்வாங்கியபோது, விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் டிரேசி கிரவுச், கன்சர்வேட்டிவ் எம்.பி. அதே வருடம் நவம்பரில் வந்த அவர் அறிக்கைதான் ரெகுலேட்டர் வேண்டும் என்றது. முதல் மசோதாவைக் கொண்டுவந்தது 2024 மார்ச்சில் சுனக் அரசு. தேர்தல் அறிவிப்பால் அது செத்தது. லேபர் அதை 2024 அக்டோபரில் பிரபுக்கள் சபையில் மீண்டும் கொண்டுவந்தது. அங்கே அதை அதிகம் வறுத்தெடுத்தவர்களில் ஒருவர் வெஸ்ட் ஹாம் துணைத் தலைவராக இருந்த கேரன் பிரேடி, அவரும் கன்சர்வேட்டிவ். தாங்கள் பெற்ற பிள்ளையைத் தாங்களே எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். 2025 ஜூலை 21-இல் அரச ஒப்புதல்.

ரெகுலேட்டரின் தலைவர் டேவிட் கோகன், லேபரின் ஸ்டார்மர், அவரை நியமித்த அமைச்சர் லிசா நாண்டி இருவரின் கட்சித் தலைமைப் பிரசாரத்துக்கும் நன்கொடை கொடுத்தவர். அது உண்மை. நியமன நடைமுறையில் நாண்டி விதி மீறினார் என்று பொது நியமன ஆணையர் 2025 நவம்பரில் சொன்னதும் உண்மை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உங்கள் கிளப்பின் கணக்கு தாமதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சட்டம் ஆண்கள் கால்பந்தின் மேல் ஐந்து அடுக்குக்கு, 116 கிளப்புக்கு. வேல்ஸ் கிளப்புகள் இங்கிலாந்து லீக்கில் ஆடினால் அவையும் இதில் வரும். உங்களுக்குப் பயன்படும் இடங்கள் இவை: கிளப் உரிமம் பெற வேண்டும், அதற்கு நிதித் திட்டம் காட்ட வேண்டும். மைதானத்தை விற்கவோ ஈடு வைக்கவோ முன் அனுமதி தேவை. சின்னத்தையும் சொந்த மைதானச் சட்டையின் நிறத்தையும் மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மை ஆதரவு இருப்பதைக் கிளப் உறுதி செய்ய வேண்டும். கார்டிஃபில் 2012-இல் நீலத்தைச் சிவப்பாக்கிய மாதிரி இனி ஒரே இரவில் செய்ய முடியாது. டிக்கெட் விலை உட்பட முக்கிய விஷயங்களில் ரசிகர்களின் கருத்தைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்க வேண்டும் என்று இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஓனர் மீது சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் அவரையும் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தலாம்.

செய்யாதவை: சம்பளம் கொடுக்காது, ஓனரைத் தேடித் தராது, முன்பே கைமாறிய மைதானத்தைத் திருப்பித் தராது. பிரிவுகள் எல்லாம் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை, அதனால் ரெகுலேட்டருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு பிரிவை மேற்கோள் காட்டும் முன் அது அமலில் இருக்கிறதா என்று அரசின் சட்டத் தளத்தில் பாருங்கள். அனுப்பும்போது புலம்பல் வேண்டாம். கணக்குப்பிள்ளை சொன்ன பதிவெண்களும் தேதிகளும் ஒரே பக்கத்தில்.

குடையில்லா மேடை:
மேலே இரண்டு பேரும் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. கடிதம் எழுதுவது யார்? தனியாள் எழுதினால் புகார், டிரஸ்ட் எழுதினால் ஆவணம்.

சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட் என்றால் கட்-அவுட் வைக்கிற ரசிகர் மன்றம் இல்லை. 2014 கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் நிதி நடத்தை ஆணையத்தில் பதிவாகும் சமூக நலச் சங்கம். குறைந்தது மூன்று உறுப்பினர் போதும், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. விதிகளை நீங்களே எழுத உட்காராதீர்கள், மாதங்கள் போய்விடும். ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷனிடம் மாதிரி விதிகள் இருக்கின்றன. எக்ஸிட்டர் கிளப்பை 2003-இல் இருந்து டிரஸ்ட்தான் வைத்திருக்கிறது. போர்ட்ஸ்மத்தை 2013-இல் ரசிகர்கள் வாங்கி, 2017-இல் விற்றார்கள். அணியை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002-இல் அனுமதி கிடைத்தபோது விம்பிள்டன் ரசிகர்கள் புதுக் கிளப்பே தொடங்கினார்கள். பழைய இடமான பிளவ் லேனுக்குத் திரும்ப 2020 நவம்பர் ஆனது.

அடுத்து, மைதானத்தைச் "சமூக மதிப்புள்ள சொத்து" என்று கவுன்சிலில் பட்டியலிட மனு போடுங்கள். 2011 லோக்கலிசம் சட்டம். டிரஸ்ட் பதிவாகும் வரை காத்திருக்க வேண்டாம், உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் சேர்ந்த பதிவில்லாத குழுவே மனு போடலாம். கவுன்சில் 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். பட்டியல் 5 வருடத்துக்குத்தான், காலாவதி தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மனு எங்கே தோற்கிறது? "தாத்தா காலத்திலிருந்து வருகிறோம்" என்று நாலு பக்கம் எழுதுவார்கள், எல்லை வரைபடம் இருக்காது. கவுன்சில் சட்ட அதிகாரிக்குத் தேவை சிவப்புக் கோடு போட்ட வரைபடம், உரிமையாளர் பெயர், இடம் இப்போது எதற்குப் பயன்படுகிறது என்பது. செவ்வாய்க்கிழமை முதியோர் நடைக் கால்பந்து, பள்ளி விடுமுறைப் பயிற்சி, உணவு வங்கிச் சேகரிப்பு, நாளும் கிழமையும் போட்டு எழுதுங்கள். கார் நிறுத்துமிடத்தையும் கோட்டுக்குள் சேருங்கள். அதை மட்டும் வீடு கட்ட விற்றாலே கிளப் மூச்சு முட்டும்.

இது கவசம் இல்லை, வேகத்தடை. ஓனர் விற்கப் போவதாகச் சொன்னதும் 6 வாரத்துக்குள் நீங்கள் "நாங்கள் வாங்க விரும்புகிறோம்" என்று கொடுத்தால், அறிவிப்பு தேதியிலிருந்து 6 மாதம் விற்பனை நிற்கும். அவர் உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே குழுமத்துக் கம்பெனிகளுக்குள் மாற்றினால் இந்தத் தடை பொருந்தாது. நிலத்தை விடுத்துக் கம்பெனியின் பங்கை விற்றாலும் பொருந்தாது. உங்கள் ஓனரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இந்த ஓட்டைதான் முக்கியம்.

அரசியல் பற்றி ஒரு வார்த்தை. பரி கிளப் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு அதன் மைதானமான கிக் லேனை மீட்க அரசின் சமூக உடைமை நிதியிலிருந்து 10 லட்சம் பவுண்டு வந்தது. கன்சர்வேட்டிவ் அரசு தொடங்கிய நிதி அது. 2024 டிசம்பரில் லேபர் அரசு அதை மூடிவிட்டது. கட்சிக் கொடி பிடித்துக்கொண்டு இந்த வேலையில் இறங்கினால் எந்தப் பக்கமும் கொடி நிற்காது.

லைன்ஸ்மேன்:
போராட்டம் வைக்கப் போகிறவர்களுக்கு மட்டும். ஊர்வலம் என்றால் 6 முழு நாள் முன்பே போலீசுக்கு எழுத்தில் அறிவிப்பு, நின்ற இடத்தில் கூடினால் தேவையில்லை. டென்னிஸ் பந்து எறிவது வேடிக்கையாகத் தெரியும், ஆனால் ஆடுகளத்தை நோக்கி எதை எறிந்தாலும் 1991 சட்டப்படி குற்றம், உள்ளே இறங்குவதும் அப்படியே. புகைக்குச்சியோடு வாசலில் நுழைய முயன்றாலே 1985 சட்டம். தண்டனை அபராதம்தானே என்று நினைக்காதீர்கள், கூடவே வரும் மைதானத் தடை உத்தரவு குறைந்தது 3 வருடம். பெரிய பேனருக்குத் தீப்பிடிக்காத துணிச் சான்றிதழ் கேட்பார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தின்பண்டமும் சட்டையும் வாங்காமல் இருப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது.

எம்.பி.க்கு எழுதுகிறவர்கள் அவரவர் தொகுதி எம்.பி.க்கு, வீட்டு முகவரி போட்டு. மற்ற தொகுதிக்காரர் கடிதத்தை அவர்கள் கையில் எடுப்பதில்லை.

கிழக்கு மேடை:
நன்றி. பதிவேட்டு நகல்கள் வாங்கியாச்சு. ஆடுகளம் கிளப் பெயரில், கார் நிறுத்துமிடமும் கிழக்குப் பக்க நிலமும் வேறு கம்பெனி பெயரில். இன்னொரு கேள்வி: சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். கடனைக் கட்ட முடியாமல் கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனால் (வெளி நிர்வாகி கைக்குப் போனால்) அந்தப் பணம்?

கணக்குப்பிள்ளை:
ஈடு வாங்காமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். உங்களுக்கு முன்னால் ஈட்டுக் கடன் கொடுத்தவர், பிறகு 2020 டிசம்பரிலிருந்து முன்னுரிமை பெற்ற வரித்துறை. வீரர்கள், மற்ற கிளப்புகளின் பாக்கியை முழுதாகத் தீர்க்க லீக் விதியே இருக்கிறது. கிளப் ஆடிக்கொண்டிருந்தால் டிக்கெட் பெரும்பாலும் செல்லும், அணிக்கு 12 புள்ளி போகும் என்பது வேறு வலி.

புதுப்பிப்பதென்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஒரு டிக்கெட்டின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை என்றால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு. டெபிட் கார்டில் அந்த உரிமை இல்லை, வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் மட்டும், அதற்கும் நாள் கணக்கு உண்டு. கிளப்புக்கு நேராக மாதத் தவணையாகக் கட்டினால் 75 வராது, ஆனால் ஏதாவது நடந்தால் மீதித் தவணை உங்கள் கையிலேயே இருக்கும். பிள்ளைகளுக்கான டிக்கெட் 100-க்குக் கீழே இருந்தால் குடும்பத்துக்கு மொத்தமாக ஒரே பில் போட்டாலும் உதவாது, ஒவ்வொரு டிக்கெட்டின் விலையைத்தான் பார்ப்பார்கள்.