புதுப்பிப்பு: பக்கவாதத்துக்குப் பிறகு மாமாவின் மறதியும் கோபமும்

சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் என் மாமா, பக்கவாதத்திலிருந்து தேறிய பிறகு எல்லாம் மறக்கிறார், எரிந்து விழுகிறார், உளவியலாளரிடம் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கோவையில் ஒருவரைப் பார்த்தோம். நீங்கள் சொன்னபடி மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் போனோம்.

முதல் சந்திப்பில் கவனம், நினைவு, மனநிலை மூன்றையும் தனித்தனியாகச் சோதித்தார். மறதியால் கோபமா, மனச்சோர்வால் மறதியா என்று பிரிக்க வேண்டுமாம்.

சிகிச்சைக்கு அடிப்படை, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய, எண்ணங்கள் சரியா என்று சோதித்துப் பார்க்கும் அறிவாற்றல் சிகிச்சைமுறைதான். "இனி நான் எதுக்கும் ஆக மாட்டேனுங்க" என்று மாமா சொன்னால், அதற்கு என்ன ஆதாரம் என்று இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள். ஆனால் மாமாவுக்கேற்ப மாற்றியிருக்கிறார்: அமர்வு சின்னது, ஒரு நேரத்தில் ஒரே விஷயம், பேசியதெல்லாம் நோட்டில். மறந்துபோனதை ஊகிக்க விடாமல், சரியான பதிலை முதலிலேயே சொல்லிப் பழக்கச் சொன்னார். தப்பான ஊகமே மனதில் பதிந்துவிடுமாம். அத்தைக்கு இதுதான் கஷ்டம், அவருக்குக் கேள்வி கேட்டே பழக்கம்!

கோபம் குறைந்திருக்கிறது. கூலிக் கணக்கு இன்னும் தடுமாற்றம்தான். நரம்பியல் மருத்துவரின் மாத்திரைகளும் தொடர்கின்றன.

செலவு பற்றிக் கேட்டவர்களுக்கு: அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். இப்படிப்பட்ட சோதனைகளுக்கு நேரில்தான் போக வேண்டும்.