மறு: வித்ட்ராயல்: ‘விலகல்’ வேண்டாம், ‘நிறுத்துவிளைவு’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

செவிலியர் கையேட்டுக்கான சொற்பட்டியலைப் படித்தேன். மற்ற சொற்களில் எனக்குப் பெரிய மாற்றுக் கருத்து இல்லை. வித்ட்ராயலுக்கு, அதாவது பழகிப்போன குடியோ மருந்தோ திடீரென்று நின்றால் உடம்பில் வரும் தொல்லைகளுக்கு, ‘விலகல்’ என்று போட்டிருப்பதை மட்டும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. எலும்பு முறிவுப் பிரிவில் பல ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘விலகல் அறிகுறிகள்’ ஏற்கெனவே பத்திரிகைகளில் புழங்குகிறது. புழங்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

புழங்குகிறது, சரி. ஆனால் மனநலப் பிரிவில் அதே சொல்லுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. மனச்சோர்வு வந்தவர் யாரோடும் பேசாமல் ஒதுங்கிக் கிடப்பதும் அங்கே ‘விலகல்’தான். குடிநோய் உள்ளவருக்கு மனச்சோர்வும் சேர்ந்திருப்பது சாதாரணம். பணி மாறும் நேரத்தில் ‘விலகல் அதிகமாக உள்ளது’ என்று எழுதி வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டுமா, மருத்துவரை உடனே எழுப்ப வேண்டுமா? இலங்கைப் பாடநூல்களில் புள்ளியியலுக்கு ‘நியம விலகல்’ என்று ஒன்று இருக்கிறது. ‘பின்வாங்கல்’ போர்க்களத்துக்கு உரியது, அதை விட்டுவிடலாம்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். எனக்கு உறுத்துவது வேறு. ‘குடியிலிருந்து விலகினார்’ என்றால் தமிழில் அது நல்ல சேதி. அந்தச் சொல்லைக் கேட்டு எந்த மனைவியும் பயப்பட மாட்டார். ஆனால் வார்டில் நாங்கள் பார்ப்பது உயிர் போகக்கூடிய நிலை.

பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு உடைந்து ஒருவர் வருகிறார். சேர்க்கும்போது குடிப்பழக்கம் பற்றிக் கேட்டால், ‘எப்பவாவது விசேஷத்துக்கு’ என்று கூட வந்தவர் சொல்கிறார். தாளில் அதையே எழுதிக்கொள்கிறோம். முதல் நாள் வலி, எக்ஸ்ரே, எடை கட்டுவது என்று போய்விடுகிறது. மறுநாள் டம்ளரைப் பிடிக்கும்போது டீ தளும்புகிறது. நெற்றியிலும் உள்ளங்கையிலும் வியர்வை, நாடி எகிறுகிறது. அதற்கடுத்த இரவில் போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போடுகிறார். ‘பூச்சி, பூச்சி’ என்கிறார். உடைந்த காலோடு கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார். வீட்டார் விபத்து நடந்த இடத்துக் காத்து கருப்பு என்கிறார்கள். பணியில் இருப்பவர்களோ ரகளை என்று முடிவு கட்டி, காஜ் துணியால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவிடுகிறார்கள். இப்படிக் கட்டப்பட்ட கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். மூளையில் அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருள் ஒரு பக்கம், தூண்டிவிடும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் இன்னொரு பக்கம், இரண்டும் கயிறு இழுத்துக்கொண்டிருக்கின்றன. மது காபாவின் பக்கம் சேர்ந்து இழுக்கிறது. அது தினமும் வருவதால், மூளை காபாவின் பிடியைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தைப் பலப்படுத்தி ஈடுகட்டிக்கொள்கிறது. ஒருநாள் மது திடீரென்று வராமல் போனால் மொத்தக் கயிறும் தூண்டும் பக்கம் பாய்கிறது. கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். பிதற்றலும் மாயக்காட்சியும் சேர்ந்த கடும் நிலை 48 முதல் 96 மணி நேரத்துக்குள். வார்டில் மூன்றாம் இரவு ‘பேய் பிடிப்பது’ இந்தக் கணக்கில்தான்.

இது குடியால் வருவதா, குடி நின்றதால் வருவதா என்பதே ஒரு காலத்தில் தீராத சண்டையாக இருந்தது. ஆங்கில மருத்துவர்கள் இந்த வலிப்புக்கு வைத்திருந்த பேரே ‘ரம் வலிப்பு’. சத்துக்குறைவால் வருகிறது என்றும் பலர் நம்பினார்கள். 1953இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் விக்டரும் ஆடம்ஸும் நோயாளிகளைக் கவனித்து, கடைசிக் குடிக்கும் நடுக்கம், வலிப்பு, பிதற்றலுக்கும் இடையிலான நேரத்தைப் பதிவு செய்தார்கள். 1955இல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இஸ்பெல் குழு இன்னும் ஒரு படி போனது. முன்பு மார்ஃபினுக்குப் பழகியிருந்த 10 பேருக்குச் சத்தான உணவும் வைட்டமினும் கொடுத்து, கூடவே வாரக்கணக்கில் மதுவும் கொடுத்து, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். நீண்ட காலம் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும் பிதற்றலும் வந்தன. (அடைபட்டிருந்தவர்களை வைத்துச் செய்த சோதனை அது. இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.) சாப்பாட்டில் குறை இல்லாதபோதும் வந்ததால், காரணம் நிறுத்தியதுதான் என்று தெளிவானது.

ஆகவே நாம் வைக்கும் சொல்லில் ‘நிறுத்து’ இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் முன்வைப்பது: நிறுத்துவிளைவு. பக்கவிளைவு, பின்விளைவு இரண்டும் மருந்துக்கடை வரை போய்ச் சேர்ந்துவிட்ட சொற்கள். இது அவற்றின் பக்கத்தில் இயல்பாக உட்காரும். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, இலக்கணத்திலும் இடறல் இல்லை. ‘நிறுத்தல் விளைவு’ என்று பிரித்து எழுதலாமே என்று கேட்கலாம். நிறுத்தல் என்றதும் எனக்குத் தராசுதான் நினைவுக்கு வருகிறது.

> ‘விடுவிளைவு’ இன்னும் சின்னதாக இருக்குமே? குடியை ‘விட்டார்’ என்றுதானே மக்கள் சொல்கிறார்கள்?

ஐயா சொன்னது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘விடுவது’ ஒருவர் மனம் வைத்துச் செய்வது. எங்கள் எலும்பு முறிவுக்காரர் எதையும் விடவில்லை. படுத்த படுக்கையானதால் கிடைக்காமல் போனது, அவ்வளவுதான். அடுத்து, இந்தச் சொல் குடிக்கு மட்டும் போதாது. புற்றுநோய் வலிக்கு மாதக்கணக்கில் மார்ஃபின் எடுத்தவருக்கு அதைச் சட்டென்று நிறுத்தினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், வயிறு பிசையும், மயிர்க்கூச்செறியும். நாள்பட்ட ஸ்டீராய்டை, தூக்க மாத்திரையை நிறுத்தினாலும் அதனதன் தொல்லை உண்டு. இவர்களெல்லாம் எந்தப் பழக்கத்தை ‘விட்டார்கள்’? மருந்தை ‘நிறுத்துவது’, குடியை ‘நிறுத்துவது’ இரண்டும் இயல்பான தமிழ்.

பச்சிளங்குழந்தையையும் நினைத்துப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் தாய் ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற) மருந்தோ போதையோ எடுத்துக்கொண்டிருந்தால், தொப்புள்கொடி அறுபட்டதும் பிள்ளைக்கு வரத்து நின்றுவிடுகிறது. கீச்சென்ற அழுகை, உதறல், சரியாகச் சப்பிக் குடிக்க முடியாத நிலை. அதை மதிப்பிட லொரெட்டா ஃபின்னகன் 1975இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். துணியில் இதமாகச் சுற்றுவது, வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைப்பது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுப்பது எல்லாம் செவிலியர் கையில் இருக்கும் மருத்துவம். அந்தப் பிள்ளையை ‘போதைக்கு அடிமையான குழந்தை’ என்று எழுதுவது பொய். அதற்கு இருப்பது நிறுத்துவிளைவு மட்டுமே.

இதனால்தான் பட்டியலில் ‘அடிமை’ என்று ஒற்றைச் சொல்லில் அடக்கியிருப்பதைப் பிரிக்கச் சொல்கிறேன். நிறுத்தினால் உடம்பு எதிர்வினை காட்டும் நிலை ‘உடற்சார்பு’. கெடுதல் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் தேடிப் போவது வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பே, மருத்துவர் சொன்னபடி மருந்து எடுப்பவருக்கு வரும் நிறுத்துவிளைவைப் போதைக் கோளாறின் அடையாளமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. நம் கையேடு இரண்டையும் குழப்பினால், ‘மார்ஃபின் கேட்கிறார், அடிமையாகிவிட்டார்’ என்று வலியில் துடிப்பவருக்கு மருந்தைத் தள்ளிப்போடுவோம். வார்டில் இது நடக்கிறது.

> சொல்லை மாற்றினால் பராமரிப்பு மாறிவிடுமா?

சொல் மட்டும் மாற்றாது. ஆனால் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அக்கா. 2010இல் ஜான் கெல்லியும் வெஸ்டர்ஹாஃபும் மனநலத் துறையில் பணிபுரிபவர்களிடம் ஒரே நபரைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தார்கள். சிலருக்கு ‘போதைப்பொருளைத் துர்ப்பிரயோகம் செய்பவர்’ என்றும், சிலருக்கு ‘போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’ என்றும் எழுதி. முதல் குறிப்பைப் படித்தவர்கள் தவறு அவருடையதே, தண்டனை தேவை என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். படித்துப் பயிற்சி பெற்றவர்களே அப்படி.

வேலையில் இந்தச் சொல் எப்படி உதவும் என்பதற்கு வருகிறேன். மது நிறுத்துவிளைவை அளக்க 1989இல் வெளியான, சுருக்கமாக சிவா என்று நாங்கள் சொல்லும் அளவுகோல் இருக்கிறது. கேட்டும் பார்த்தும் மதிப்பிடும் 10 அம்சங்கள், அதிகபட்சம் 67 மதிப்பெண். தமிழில் கேட்க அது சுலபமானது. ‘கையை நீட்டி விரலை விரிச்சுக் காட்டுங்க.’ ‘தோல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?’ ‘லைட்டு வெளிச்சம் கண்ணைக் கூசுதா?’ மதிப்பெண் ஏறினால் மருத்துவர் லோரசெபாம் போன்ற, மூளையை அமைதிப்படுத்தும் மருந்தைக் கூட்டுவார். குளுக்கோஸ் ஏற்றும்முன் தையமின் (வைட்டமின் பி1) போட்டாயிற்றா என்று பார்ப்பது நம் பொறுப்பு. இவ்வளவும் தொடங்க, சேர்க்கும்போதே ஒரு கேள்வி விழ வேண்டும். ‘குடிப்பீங்களா?’ என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டால் ‘இல்லை’தான் வரும். ‘தினமும் எடுக்கிற மாத்திரை, பீடி, குடி எதுவா இருந்தாலும் சட்டுன்னு நின்னா நிறுத்துவிளைவு வரலாம், அதைத் தடுக்க மருந்து இருக்கு. கடைசியா எப்போ, எவ்வளவு?’ என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். ‘ஒரு குவார்ட்டர்’ என்று பதில் வந்தால் அது 180 மில்லி, ஏறக்குறைய 60 கிராம் சாராயச்சத்து. 10 கிராம் ஓர் அளவு என்று வைத்தால் ஆறு அளவு. தினமும் அவ்வளவு என்றால் அன்று மாலையே அளவுகோலைத் தொடங்கிவிடலாம்.

ஒரு குறை உண்டு. முழுதாக நிறுத்தாமல் அளவைக் குறைத்தாலும் இந்த விளைவுகள் வரலாம், அதைச் சொல் காட்டவில்லை. விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

பட்டியலுக்கு என் பரிந்துரை: வித்ட்ராயல் – நிறுத்துவிளைவு, ஆல்கஹால் வித்ட்ராயல் – மது நிறுத்துவிளைவு, ஃபிசிகல் டிபென்டன்ஸ் – உடற்சார்பு, சோஷியல் வித்ட்ராயல் – ஒதுங்கல். டாலரன்ஸுக்கு ‘சகிப்புத்தன்மை’ என்று இருப்பதும் சரியில்லை, அதைத் தனி மடலில் எழுதுகிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வார்டுகளில் இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று அங்குள்ள நண்பர்கள் எழுதினால், மெய்ப்புக்கு அனுப்பும்முன் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.