பழுதுபார்க்க வருகிறதா, கொட்ட வருகிறதா?

நெய்தல்:
2025 ஜனவரி 1 முதல், அபாயகரமான கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு பாசல் உடன்படிக்கையின் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நச்சுள்ளதோ இல்லாததோ, எந்த மின்னணுக் கழிவும் பெறும் நாட்டின் முன் ஒப்புதல் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஆனால் "பழுதுபார்க்க அனுப்புகிறோம்" என்று ஒப்பந்தமும் உறுதிமொழியும் காட்டினால் அது கழிவே அல்ல என்கிறது அதே உடன்படிக்கையின் வழிகாட்டுதல். இந்த ஓட்டையை மூட வேண்டும்.

பற்றாசு:
மூடினால் யாருக்கு நட்டம்? திரை மட்டும் போன மடிக்கணினிக்கு இரண்டு அரசுகளின் கடிதம் வேண்டுமென்றால் எவன் அனுப்புவான்? அங்கேயே நொறுக்கிவிடுவான். வெளிநாட்டு மின்னணுச் சாதனங்களை இங்கே பழுதுபார்த்துத் திருப்பி அனுப்ப, 2023 மே இறுதியில் பெங்களூருவில் தொடங்கிய சோதனைத் திட்டத்தைப் பாருங்கள். சுங்க அனுமதி ஒரே நாளில். திருப்பி அனுப்பும் கெடு ஓராண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. நம் பிள்ளைகளுக்கு வேலை ஐயா.

நெய்தல்:
இறக்கியதில் எடையில் 5 விழுக்காட்டை இங்கேயே மறுசுழற்சிக்கு விடலாம் என்பதும் அதே திட்டத்தில்தான் இருந்தது. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 2015-இல் ஜெனீவாவில் நடந்த பாசல் மாநாட்டில் அந்தப் பழுதுபார்ப்பு வழிகாட்டுதலை எதிர்த்ததும் நம் நாடுதான். எட்டே ஆண்டில் மனம் மாறிவிட்டது.

துறைமுகத்தான்:
சரக்கு விடுவிக்கும் வேலை பார்ப்பவன் நான். காகிதத்தில் "பழுதுபார்க்க" என்று ஒற்றை வரி. கதவைத் திறந்தால் அட்டைப்பெட்டிகூட இல்லாமல் செங்கல் போல அடுக்கிய மடிக்கணினிகள். பேட்டரி உப்பி அடிமூடி பிளந்திருக்கும், விசைப்பலகையில் பாதி எழுத்துகள் இருக்காது. வரிசை எண்ணும் இல்லை, என்ன கோளாறு என்ற குறிப்பும் இல்லை. சரிசெய்ய அனுப்புகிறவன் இப்படியா கட்டுவான்?

பற்றாசு:
கட்ட மாட்டான். அதனால்தான் சொல்கிறேன், அது ஏமாற்று, பழுதுபார்ப்பு அல்ல. ஏமாற்றுபவனைப் பிடிக்க இருக்கிற சட்டம் போதும்.

நெய்தல்:
போதவில்லை என்பதற்கு நைஜீரியாவின் துறைமுக நகரமான லாகோஸ் சாட்சி. 2015-16 துறைமுக ஆய்வின்படி ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் பழைய மின்சாதனங்கள் அங்கே இறங்கின. குறைந்தது 19 விழுக்காடு வேலை செய்யாதவை.

பற்றாசு:
மீதி 80 சொச்சம் வேலை செய்தது என்று ஏன் படிக்கக் கூடாது? லாகோஸின் இகேஜா பகுதியிலுள்ள கணினிச் சந்தையே அந்தச் சரக்கில் பிழைக்கிறது. இன்னொன்று, அதில் பெரும்பகுதி பழைய கார்களுக்குள் திணித்து வந்தது. பழுதுபார்ப்பு ஒப்பந்தத்தோடு வந்த சரக்கல்ல. குற்றவாளி ஒருவன், தண்டனை வேறொருவனுக்கா?

துறைமுகத்தான்:
அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒப்புதல் நடைமுறை வேண்டாம். பொருள்வாரியாகச் சோதனைச் சீட்டு கேட்கலாம். ஐரோப்பாவில் ஏற்றுமதியாளர்தான் அது கழிவல்ல என்று நிரூபிக்க வேண்டும்.

நெய்தல்:
சீட்டு சரி. சரிசெய்தபின் கழற்றிய பேட்டரியும் செத்த மதர்போர்டும் எந்த நாட்டில் தங்கும்?

பற்றாசு:
அனுப்பியவன் நாட்டுக்கே திரும்பட்டும், அவன் செலவில். ஒப்பந்தத்தில் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

துறைமுகத்தான்:
எழுதலாம். வரும்போதே எண்ணாதவர்கள் திரும்பும்போது எண்ணுவார்களா? எங்கள் பக்கத்தில் அதற்கு ஆள் இல்லை.